திரும்பி வராத விமானங்கள்

தேவாலாவில் ஜூன், ஜூலை மாதங்களில் எதிர்வீட்டுச் சுவர் கண்ணுக்குத் தெரிவதற்கே நண்பகல் ஆகிவிடும் நாட்கள் உண்டு. தங்கச் சுரங்கங்களால் பேர் பெற்று அவற்றாலேயே பேர் இழந்த இந்தச் சிற்றூரை, மழையளவுப் பட்டியல் வெளியாகும் நாட்களில் மட்டுமே வெளியுலகம் நினைத்துக்கொள்கிறது. கூடலூர்ப் பக்கத்தில் மலையாளம் பேசுவோர் இந்த ஈரப்புகையை 'மஞ்ஞு' என்பார்கள். அதன் உடன்பிறந்த சொல்லான 'மஞ்சு', நம் இலக்கியத்தில் பெரும்பாலும் மலைமேல் தவழும் மேகம். வகுப்பில் இச்சொல்லை விளக்கும்போது மாணவர்களிடம் நான் சொல்வதுண்டு: சமவெளியில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு அது மேகம்; மலையில் நிற்பவனுக்கு மூடுபனி; பொருள் ஒன்றுதான், நிற்கும் இடம்தான் வேறு. மேகத்துக்கு நடுவில் மலை இருக்கிறது என்பதையும் அந்தச் சொல்லே நினைவூட்டுகிறது. வான்வழியே நீலகிரிக்கு வருபவர் அதை மறந்துவிட முடியாது.

நீலகிரிக்கு இரண்டு மழைக்காலங்கள். தேவாலா, பந்தலூர், கூடலூர் ஆகிய மேற்குச் சரிவுகளைத் தென்மேற்குப் பருவமழை நனைக்கும். குன்னூர், கோத்தகிரி ஆகிய கிழக்குச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் முதன்மையானது. எனவே நாங்கள் வெயில் காயும் டிசம்பரில் அங்கே மஞ்சு இறங்கிக்கொண்டிருக்கும். இந்த மலையின் இரு பெரும் வான் விபத்துகளும் அந்தக் கிழக்குப் பகுதியில், டிசம்பர் மாதத்தில் நிகழ்ந்தவை.

முதலாவது 1950 டிசம்பர் 13. ஏர் இந்தியா நிறுவனத்தின் டக்ளஸ் விமானம் ஒன்று கோத்தகிரி அருகே மலையில் மோதியது. போர்க்காலத்தில் படைகளுக்குச் சரக்கு ஏற்றிய இரட்டை எஞ்சின் விமானத்தின் வகை அது; இன்றைய கணக்கில் சிறிய விமானம். அதில் இருந்த ஏறத்தாழ இருபது பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாதை தவறியதே காரணம் என்கின்றன பதிவுகள். இறந்தவர்களுள் இந்திய அரசின் அழைப்பை ஏற்றுச் சொற்பொழிவாற்ற வந்திருந்த ஓர் அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய மனைவியும் இருந்தனர். அவர் ஆபிரகாம் வால்ட். வயது 48.

அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கொலோஷ்வாரில் 1902இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் வால்ட். வியன்னாவில் கணிதம் பயின்று, நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய 1938இல் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஐரோப்பாவில் தங்கிவிட்ட உறவினரில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். போர்க்காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக்குழுவில் பணியாற்றியபோது அவரிடம் வந்த கேள்விகளுள் ஒன்று, குண்டுவீச்சு விமானங்கள் எந்த இடத்தில் அடிபட்டால் வீழ்கின்றன என்பது. ஆராயக் கிடைத்தவையோ போர்முனையிலிருந்து திரும்பி வந்த விமானங்கள் மட்டுமே. அவற்றில் எங்கே துளைகள் அதிகமோ அங்கே கவசம் பொருத்துவோம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வால்டின் கணக்கு வேறு வழியில் சென்றது. திரும்பிய விமானங்களின் எஞ்சினில் துளைகள் குறைவு என்றால், எஞ்சினில் அடிபட்டவை திரும்பவே இல்லை என்று பொருள். அவருடைய குறிப்புகளில் இருப்பவை பெரும்பாலும் வறண்ட சமன்பாடுகள். இன்று பரவலாகக் காணப்படும் சிவப்புப் புள்ளிகள் இட்ட விமானப் படம் பிற்காலத்தார் வரைந்தது. ஆயினும் அதன் சாரம் அவருடையதுதான்: கண்முன் இருப்பவற்றை எண்ணும்போது, கண்முன் வராமலே போனவற்றையும் எண்ணு.

திரும்பாத விமானங்களைப் பற்றிச் சிந்தித்தவர் திரும்பாத விமானம் ஒன்றில் போனார் என்பதை விதியின் விளையாட்டு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை.

இரண்டாவது விபத்து நம் நினைவில் இருப்பது. 2021 டிசம்பர் 8 முற்பகல் 11.48 மணிக்குச் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய விமானப்படையின் எம்.ஐ-17 வி5 ஹெலிகாப்டர் தரையிறங்க வேண்டிய நேரம் 12.15. அதற்குச் சில நிமிடங்கள் முன்னர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவருடைய மனைவி மதுலிகா உட்பட 13 பேர் அன்றே இறந்தனர். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி 15ஆம் தேதி இறந்தார். இயந்திரக் கோளாறோ சதியோ அலட்சியமோ காரணமல்ல என்றும், பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் புகுந்து விமானிக்குத் திசையுணர்வு பிறழ்ந்தது என்றும் 2022 ஜனவரியில் விசாரணைக் குழு கூறியது. 2024 டிசம்பரில் வெளிவந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் காரணம் 'மனிதப் பிழை' என்று பதிவாயிற்று.

இரண்டு சொற்களில் அடங்கிவிடும் காரணம் அல்ல இது. நாம் நிமிர்ந்து நிற்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்பதை உட்செவியில் உள்ள நீர்மம் உணர்த்துகிறது. கண் அதைச் சரிபார்க்கிறது. அடிவானம் மறைந்ததும் செவி தனித்து விடப்படுகிறது. மெதுவாகச் சாயும் விமானத்தில் இருந்துகொண்டு நேராகப் போகிறோம் என்றே உடல் சாதிக்கும். 1954இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் பயிற்சி பெறாத 20 பேரை மேகத்துக்குள் இருப்பது போன்ற நிலையில் பறக்கவிட்டனர். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடிகளில். கருவிப் பயிற்சி இதற்கு மருந்துதான். ஆனால் முகட்டை ஒட்டித் தாழப் பறக்கும்போது கண்ணிலிருந்து கருவிக்கு மனம் மாறுவதற்குள் பாறை வந்துவிடக்கூடும். விமானியின் பிடியில், பழுதின்றி இயங்கிக்கொண்டிருக்கும்போதே விமானம் நிலத்தில் மோதுவதற்கென்று விபத்தியலில் தனி வகையே இருக்கிறது. இந்த மலையின் இரு விபத்துகளும் அவ்வகையே.

வால்டின் பாடம் இங்கேதான் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். மலைப்பாதையில் பறப்பவருக்கு ஆசான் அனுபவம். 'முன்பும் இதே மஞ்சுக்குள் புகுந்து மறுபக்கம் வந்திருக்கிறோம்' என்று அது சொல்லும். அப்படிச் சொல்ல வாய்ப்பதோ மறுபக்கம் வந்தவர்களுக்கு மட்டுமே. வராதவரின் அனுபவம் எவருக்கும் பாடம் நடத்துவதில்லை. இதை எந்தத் தனி விமானியின்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. அன்று அந்த அறையில் என்ன எண்ணம் ஓடியது என்று வெளியிலிருந்து சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. மனித மனத்தின் பொது இயல்பு இது. அதனால்தான் நினைவை நம்பாமல் கருவியை நம்பும் ஏற்பாடு தேவைப்பட்டது. நிலம் நெருங்குவதை விமானிக்குக் குரலிட்டு எச்சரிக்கும் கருவி 1970களில் பெரிய பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமாயிற்று. அதன்பின் அவை மலையில் மோதுவது வெகுவாகக் குறைந்தது. சிறு விமானங்களிலும் ஹெலிகாப்டர்களிலும் அது பரவியது தாமதமாகத்தான்.

கணக்கில் வராத இன்னொரு கூட்டமும் உண்டு. சென்ற ஆடியில் நாடுகாணியிலிருந்து வழிக்கடவுக்கு இறங்கும் மலைப்பாதையில் நான் சென்ற பேருந்தின் ஓட்டுநர், மஞ்சு அடர்ந்ததும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். அரைமணி நேரம் நகரவில்லை. பயணிகள் முணுமுணுத்தார்கள், நானும்தான். அன்று விபத்து ஏதும் நடக்கவில்லை. ஆகவே அந்த அரைமணி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மேகத்தைக் கண்டு பாதி வழியில் திரும்பிய விமானிகளின் பட்டியலும் எங்கும் இல்லை. தாமதமாகச் சேர்ந்தவர்கள், பயணத்தைக் கைவிட்டவர்கள், அதற்காக ஏச்சு வாங்கியவர்கள். திரும்பி வராதவர்களை எண்ணக் கற்றுத்தந்தார் வால்ட். கோத்தகிரிச் சரிவில் அவர் முடிந்துபோன இடத்திலிருந்து நாம் தொடர வேண்டுமானால், உரிய நேரத்தில் திரும்பி வந்துவிட்டவர்களையும் எண்ணக் கற்க வேண்டும்.