பூச்சும் போர்வையும்

வடமராட்சியின் வடகரையில், உவர்நீரேரி கடலை அடுக்கும் இடத்தில் அமைந்தது தொண்டைமானாறு. செல்வச்சந்நிதி முருகன் கோயிலாற் புகழ்பெற்ற இவ்வூரின் பெயருக்கு உப்பே காரணம் என்பது வழிவழி வந்த செய்தி. முதற் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனும் கலிங்கம் வென்றவனுமாகிய கருணாகரத் தொண்டைமான், கரணவாய், வெள்ளைப்பரவை என்னும் இடங்களில் விளைந்த உப்பை மரக்கலங்களில் ஏற்றும்பொருட்டு இவ்வாற்றை வெட்டுவித்தான் என்பர்.

உணவுக்குச் சுவையூட்டும் உப்பு வீட்டு வைத்தியத்திற்கும் உதவியது. வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது தமிழர் இல்லங்களிற் பழகிய முறை. இக்காலத்திலோ, உப்பையும் களிமண்ணையும் மூலிகையையும் குழைத்துப் பூசி, துணியாலோ பிளாஸ்டிக் தாளாலோ உடலைச் சுற்றிக் கட்டினால் பருமன் குறையும், தோல் வழுவழுப்பாகும் என நம்பி வீட்டிலேயே செய்துபார்ப்பவர் பலர். இந்நம்பிக்கையில் எவ்வளவு மெய் உண்டு?

பழைய நூல்கள் இதற்கு விடை பகர்கின்றன. சித்த மருத்துவம் புறமருந்தை 32 என வகுத்தது. பூச்சு, பற்று, கட்டு, ஒத்தடம், வேது என்பன அவற்றுட் சில. கட்டும் பற்றும் பெரும்பாலும் வீக்கத்திற்கும் வலிக்கும் உரியவை. உடலின் கொழுப்பைக் கரைக்கும், உறுப்புகளை உறுதியாக்கும், தோலைத் தெளிவாக்கும் என்று வாக்படர் தம் அட்டாங்க இருதயத்திற் கூறுவது உத்வர்த்தனத்தை. அஃதாவது, பொடியிட்டு அழுத்தித் தேய்த்தலை. அந்நூலின் ஒழுங்கு நோக்கத்தக்கது. முதலில் எண்ணெய் தேய்த்தல், அடுத்து உடற்பயிற்சி, அதன் பின்னரே உத்வர்த்தனம், இறுதியில் நீராட்டு. கொழுப்புக் குறைதல் உடற்பயிற்சியின் பயன்களுள் ஒன்றாகவும் அங்கே சொல்லப்பட்டுள்ளது.

மேனாட்டிலும் இதே கதைதான். 19ஆம் நூற்றாண்டில் சைலீசியாவின் கிராஃபன்பர்க்கில் வின்சென்ட் பிரீஸ்நிட்ஸ் (1799–1851) நோயாளரை ஈரத்துணியாற் சுற்றிப் படுக்கவைத்தார். ஆனால் அவர்களை நெடுந்தூரம் நடக்கவும் செய்தார். 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்திற்கு வந்த காந்தியடிகள், 1942இற் சிறையிலிருந்து எழுதிய ஆரோக்கிய நூலில் மண்பற்றையும் ஈரத்துணிச் சுற்றையும் போற்றினார். மலச்சிக்கல், தலைவலி, காய்ச்சல் முதலியவற்றிற்கே அவற்றை விதித்தார். அவரும் நாள்தோறும் நடைபயின்றவர்.

பிற்காலத்தார் துணையாகிய நடையை விட்டுவிட்டுச் சுற்றுத்துணியை மட்டும் எடுத்துக்கொண்டனர். இறுகச் சுற்றிய உடல் வியர்க்கிறது. வியர்வையாக வெளியேறுவது நீரும் உப்புமே. தோலின் கீழுள்ள கொழுப்பு அவ்வழியே வெளியேறுவதில்லை. கட்டின் அழுத்தத்தால் இடையளவு சிறிதுநேரம் குறைந்து தோன்றும். நீர் பருகியதும் எடை மீளும். தோலின் மென்மை ஓரளவு மெய்யே. பொடி இறந்த தோலை அகற்றுகிறது, எண்ணெய் ஈரத்தைக் காக்கிறது. அதுவும் சின்னாட்களே நிற்கும்.

கேடும் உண்டு. பிளாஸ்டிக் தாள் வியர்வை உலர்வதைத் தடுப்பதால் உடல் குளிர வழியின்றி வெப்பம் மிகும். தலைச்சுற்றும் மயக்கமும் நேரலாம். கருவுற்றோர், இருதய நோயாளர், நீரிழிவுடையோர் இதனை அறவே தவிர்த்தல் நன்று. ஏனையோர் பயற்றம்மாவும் நல்லெண்ணெயும் தேய்த்து முழுகுக. மேனி மென்மை பெறும். பருமன் குறைய விரும்புவோர்க்கு அளவான உணவும், மாலையில் தொண்டைமானாற்றங்கரையில் நெடுநடையுமே வழி.