கியரைக் குறைப்பது வண்டியை நிறுத்தவா? ஒரு சிறு வரலாறு

பழைய லொறிச் சாரதிகளுக்கு "டபுள் கிளச்" என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. கடுகண்ணாவை இறக்கத்தில் பாரம் ஏற்றிய லொறியை இறக்கியவர்களின் காலுக்கு அது தெரியும். ஐரோப்பாவின் பெரிய கார்ப் பந்தயங்களில் ஓடியவர்களும் ஒரு காலத்தில் அதே வித்தையைத்தான் செய்தார்கள். இன்று நம் பிள்ளைகள் கைபேசியில் பார்க்கும் பந்தயக் கார்கள் வளைவுக்கு முன்னால் உறுமுவதும் அதன் தொடர்ச்சிதான். அந்த உறுமலின் வரலாறு தெரிந்தால் நம் வீதிகளில் சில உயிர்கள் தப்பலாம் என்பதால் இதை எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1891இல் பிரான்சில் பனார் லெவாசோர் நிறுவனம் பல் சக்கரங்களை நகர்த்தி ஒன்றோடொன்று கோர்க்கும் கியர் பொக்ஸைக் காரில் வைத்தது. அந்த நிறுவனத்தின் எமில் லெவாசோர் 1895இல் பாரிசில் இருந்து போர்தோ போய்த் திரும்பும் ஏறத்தாழ 1,180 கிலோமீற்றர் பந்தயத்தை 49 மணித்தியாலத்துக்குள் ஓடி முடித்தார். முதல் ஆளாக வந்தவரும் அவர்தான்.

அந்தக் கியர் பொக்ஸில் ஒரு தொல்லை இருந்தது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பல் சக்கரங்களைப் பலவந்தமாகச் சேர்த்தால் அவை "கர்ர்ர்" என்று அரைபடும், பல் உடையும். ஒரு கணக்குப் பாருங்கள். மூன்றாம் கியரில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றுகிறது என்று வைப்போம். அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு வந்தால் அது 4,500 தடவை சுற்ற வேண்டியிருக்கும். இந்த 1,500 சுற்று வித்தியாசத்தை யார் சரிக்கட்டுவது? அந்தக் காலத்தில் சாரதிதான் சரிக்கட்ட வேண்டும்.

அதற்காக வந்ததே டபுள் கிளச். கிளச்சை மிதித்து கியரை நியூட்ரலுக்கு எடுக்க வேண்டும். பிறகு கிளச்சை விட்டு எக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டினால் கியர் பொக்ஸின் உள்ளே இருக்கும் தண்டும் எஞ்சினோடு சேர்ந்து வேகமெடுக்கும். வேகம் பொருந்தியதும் மறுபடி கிளச்சை மிதித்துக் குறைந்த கியரைப் போட்டால் வெண்ணெய் போல விழும்.

பந்தயக்காரனுக்கு இதோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. வளைவுக்கு முன்னால் பிரேக்கும் பிடிக்க வேண்டும், எக்சிலேட்டரையும் தட்ட வேண்டும். இடது கால் கிளச்சில், மிச்சம் இருப்பது வலது கால் மட்டும். அந்த ஒரே பாதத்தின் ஒரு பகுதியால் பிரேக்கை அழுத்திக்கொண்டு மறு பகுதியால் எக்சிலேட்டரைத் தட்டப் பழகினார்கள். இதைத்தான் "ஹீல் அண்ட் டோ", அதாவது குதிகாலும் விரலும் என்கிறார்கள். 1957இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் ஹுவான் மனுவல் ஃபாஞ்சியோ ஓட்டிய மசராட்டி 250எஃப் காரில் எக்சிலேட்டர் நடுவில் இருந்தது! கிளச்சுக்கும் பிரேக்குக்கும் இடையில். டயர் மாற்றி எண்ணெய் நிரப்ப நின்றதில் பின்தங்கிய அவர், சுற்றுக்குச் சுற்று சாதனையை முறியடித்து, கடைசிக்கு முந்திய சுற்றில் இரண்டு பெராரிகளையும் முந்தி வென்றார். அப்போது அவருக்கு வயது 46.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஆரம்ப காலத்து டிரம் பிரேக்குகள் சூடேறினால் பிடிக்காது. அதனால் பந்தயக்காரர்கள் கியரைக் குறைத்து எஞ்சினையும் பிரேக்காகப் பயன்படுத்தினார்கள். 1953இல் லு மான் 24 மணித்தியாலப் பந்தயத்தை டிஸ்க் பிரேக் பூட்டிய ஜகுவார் சி டைப் கார் வென்றது. அதன் பிறகு டிஸ்க் பிரேக் படிப்படியாக எல்லாருக்கும் வந்தது. நிறுத்துகிற வேலை பிரேக்குக்குப் போனது. கியரைக் குறைப்பதன் நோக்கம் வேறாகியது: வளைவை விட்டு வெளியே வரும்போது எஞ்சினில் இழுவை தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் எக்சிலேட்டரைத் தட்டும் பழக்கம் ஏன் நீடித்தது? தட்டாமல் குறைந்த கியரைப் போட்டுக் கிளச்சைச் சட்டென்று விட்டால், மெதுவாகச் சுற்றும் எஞ்சின் சில்லுகளைப் பின்னால் பிடித்து இழுக்கும். பிரேக் பிடிக்கும்போது பாரம் எல்லாம் முன்னால் போய், பின் சில்லு பாரமில்லாமல் இருக்கும் நேரம் அது. அந்த இழுப்பில் பின் சில்லு இறுகி, கார் பம்பரமாகச் சுழலும். ஆகவே அந்த உறுமல் வீரம் காட்டும் சத்தம் அல்ல, பின் சில்லைக் காப்பாற்றும் சத்தம்.

பிறகு மனிதனின் கால் செய்த வேலையை இயந்திரம் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. 1928இல் கடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் வந்தது. பல் சேரும் முன்பே வேகத்தை அது பொருத்திவிடும். சாதாரண கார்களில் டபுள் கிளச் மெல்ல மறைந்தது அதனால்தான். 1989 மார்ச்சில் பிரேசில் கிராண்ட் பிரீயில் நைஜல் மன்செல் ஓட்டிய பெராரி 640, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள சிறு தகட்டை விரலால் இழுத்தே கியர் மாற்றி வென்றது. சில வருடங்களில் ஃபோர்முலா வன்னில் இருந்து கிளச் மிதியும் கியர்க் கம்பும் காணாமல் போயின. இன்று அங்கே எஞ்சினைத் தட்டிவிடுவது கணினி.

ஆனால் நம் வீதியில் ஓடும் எல்லா வண்டிகளுக்கும் அந்தக் கணினி இன்னும் வரவில்லை உறவுகளே. இங்கே இரண்டு விஷயங்களை நாம் குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்று, மோட்டார் சைக்கிள் ஓட்டும் நம் இளைஞர்கள். சத்தத்துக்காக அதிவேகத்தில் இரண்டு மூன்று கியரை ஒரேயடியாக இறக்குகிறார்கள். மழை நனைத்த வீதியில் அதே பின் சில்லு இறுகினால் விழுவது கார் அல்ல, நம் வீட்டுப் பிள்ளை. கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள், பிறகு கியர். கிளச்சை மெதுவாக விடுங்கள்.

இரண்டு, மலைப்பாதை. கடுகண்ணாவை, றம்பொடை போன்ற நீண்ட இறக்கங்களில் கியரின் வேலை வேறு. அங்கே அது வண்டியை நிறுத்துவதற்கல்ல, வேகம் ஏறாமல் பிடித்து வைப்பதற்கு. நம் பஸ்களிலும் லொறிகளிலும் பெரும்பாலும் இருப்பது அந்தப் பழைய டிரம் பிரேக்தான். இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, தேவைப்படும் நேரத்தில் கைவிடும். எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது அதைவிட ஆபத்து. வேகம் ஏறிய பிறகு கியரைக் குறைக்கப் போனால், கியர் விழாமல் வண்டி நியூட்ரலிலேயே ஓடிவிடக்கூடும். அதனால்தான் மூத்த சாரதிகள் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைக்கிறார்கள்.

பாரிஸ் வீதியில் அரைபட்ட பல் சக்கரம் முதல் இன்றைய கணினி வரை சொல்லும் பாடம் ஒன்றுதான்: வேகத்தைப் பொருத்து, பிறகு சேர்.

பெருநாள் விடுமுறைக்கு நுவரெலியா போகிறவர்கள் உங்கள் வான் சாரதியிடம் இதைக் கேளுங்கள். வீட்டில் பைக் ஓட்டும் பிள்ளை இருந்தால் அவனுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.