எண்ணிக்கையும் விசாரிப்பும்

பம்பாயின் பாண்டுப்பில் ஸ்லோ வண்டி ஏறி, குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறி, கோவண்டியில் இறங்குகிறவர், அங்கிருந்து தேவனார் போகும் சாலையில் சற்று நடந்தால் சர்வதேச ஜனத்தொகை விஞ்ஞான நிறுவனத்தின் வாசலை அடைவார். 1956-இல் செம்பூரில், இந்திய அரசாங்கம், ஐக்கிய நாடுகள் சபை, டாட்டா அறக்கட்டளை ஆகிய மூன்றின் ஆதரவில் ஒரு பயிற்சி நிலையமாகத் தோன்றி வளர்ந்த அந்த ஸ்தாபனமே, 1992-93 முதல் தேசியக் குடும்ப நல ஆய்வை நடத்தி வருகிறது. 'நீங்கள் கைக்கொண்ட கருத்தடை முறையால் என்னென்ன உபாதைகள் வரக்கூடும் என்று யாராவது சொன்னார்களா?' என்று வீட்டுக்கு வந்து ஸ்திரீகளைக் கேட்கும் வினா அந்த ஆய்வுக்கு உரியது. கேட்பதற்கு எளியதாகத் தோன்றும் இவ்வினாவை வந்தடைய, பம்பாய் நகரமும் அதனோடு தேசமும் முக்கால் நூற்றாண்டு சுற்றிவர வேண்டியிருந்தது.

கதை 1921-இல் தொடங்குகிறது. விதவைகளின் கல்விக்காக உழைத்த தோண்டோ கேசவ கர்வேயின் புதல்வரும் கணிதப் பேராசிரியருமான ரகுநாத் தோண்டோ கர்வே, அவ்வாண்டில் பம்பாயில் ஒரு கருத்தடை ஆலோசனை நிலையம் திறந்தார். ஊராரின் பழிச்சொல்லோடு வில்சன் கல்லூரி உத்தியோகமும் அவர் கையைவிட்டுப் போயிற்று. ஆனாலும் மனந்தளராமல், 1927-இல் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்திப் பத்திரிகையை ஆரம்பித்து, வாசகர்கள் வெட்கத்தை விட்டு எழுதிய அந்தரங்க ஐயங்களுக்கு ஒளிவுமறைவின்றி விடை எழுதி வந்தார். அவ்விடைகள் ஆபாசம் என்று வழக்குத் தொடரப்பட்டபோது, 1934-இல் அவருக்காக வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர். வழக்கு தோற்றது; கர்வேக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கேட்டவருக்குப் பதில் சொன்னதே அவர் செய்த குற்றம்.

சுதந்திரத்திற்குப் பின் காட்சி மாறிற்று. 1949-இல் தன்வந்தி ராமராவும், கொழும்பில் பிறந்த ஆவாபாய் வாடியாவும் முன்னின்று பம்பாயில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தை நிறுவினார்கள். 1952-இல் அதே நகரில் கூடிய உலக மாநாட்டிலிருந்து சர்வதேசச் சங்கமே பிறந்தது. முதலாவது ஐந்தாண்டுத் திட்டம் இவ்விஷயத்தை அரசாங்கத்தின் கடமையாக ஏற்றது. அரசாங்கம் பணம் கொடுத்தால் கணக்குக் கேட்பது இயல்பு. கணக்குக்கு எளிதில் அகப்படுவது தலை எண்ணிக்கை. சென்னை ராஜ்யத்தில், 1951 ஜனத்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர். ஏ. கோபாலசுவாமியின் ஊக்கத்தால், கருத்தடை அறுவைக்கு இசைந்த ஏழைகளுக்குச் சன்மானம் தரும் வழக்கம் 1950களில் தோன்றி, பிற்பாடு ஆள் அழைத்து வருபவருக்கும் ஒரு தொகை என்று நீண்டது. பம்பாயில் டாக்டர் டி. என். பாய், 1960களின் பிற்பகுதியில், ரயில் நிலையங்களிலேயே ஆண்களுக்கான அறுவைச் சாவடிகளை ஏற்படுத்தினார். சம்மதித்து வந்த மனிதர், பதிவேட்டில் ஏறியபோது 'கேஸ்' ஆனார். அவருக்கு என்ன சொல்லப்பட்டது என்பதற்கு அந்தப் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

அந்தக் கட்டம் இல்லாததன் விளைவு சீக்கிரமே வெளிப்பட்டது. 1965-இல் கருப்பையினுள் வைக்கும் லூப் என்ற சாதனத்தைப் பரப்பியபோது, உதிரப்போக்கு மிகக்கூடும் என்று முன்கூட்டி அறியாத ஸ்திரீகள் அஞ்சி அதை எடுத்துவிடச் சொன்னார்கள். அண்டை அயலில் வதந்தி பரவி, சாதனத்தின் பெயரே கெட்டது. நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே ஆண்டில், ஏறத்தாழ 82 லட்சம் அறுவைகள் நடந்தன. மூன்று பிள்ளைகளுக்குமேல் கட்டாய அறுவை என்ற மசோதாவை மகாராஷ்டிரச் சட்டசபை நிறைவேற்றியது, எனினும் அது ஜனாதிபதியின் ஒப்புதல் பெறவில்லை. மறு ஆண்டில் அறுவைகளின் தொகை பத்து லட்சத்துக்கும் கீழே சரிந்தது. எண்ணிக்கையை மட்டுமே நம்பிய முறை, கடைசியில் அந்த எண்ணிக்கையையும் இழந்தது.

1990-இல் ஜூடித் புரூஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், சேவையின் தரத்தை ஆறு அங்கங்களாக வகுத்தார்: பல முறைகளுள் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, தெளிவான தகவல், சிகிச்சைத் திறமை, மரியாதையான நடத்தை, தொடர்ந்த கவனிப்பு, தேவைக்கேற்ற பிற சேவைகள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 1995-இலும், தேசம் முழுவதும் 1996-இலும், இத்தனை பேர் என்று விதித்த எண்ணிக்கை இலக்குகள் கைவிடப்பட்டன. பின்னர் பல நாடுகளில் வழங்கிவந்த அளவுகோல் ஒன்று மூன்றே கேள்விகளில் அடங்கியது: வேறு முறைகளும் உண்டு என்று சொன்னார்களா? உபாதைகளைச் சொன்னார்களா? உபாதை வந்தால் என்ன செய்வது என்று சொன்னார்களா? இவற்றுள் இரண்டாவதற்கு 'ஆம்' என்றவர்கள் நான்காவது தேசிய ஆய்வில் நூற்றுக்கு 47 பேர்; 2019-21-இல் நடந்த ஐந்தாவதில் 62 பேர்.

இவ்வளவுகோலும் குறையற்றதன்று. பாண்டுப்பின் மலைச்சரிவில், ஒருவர் பின் ஒருவராய் ஏறவேண்டிய படிக்கட்டுச் சந்து ஒன்றில் வாழும் தமிழ்ப்பெண்ணிடம், கையில் தாள் பிடித்த அந்நியர் ஒருவர் 'சொன்னார்களா?' என்று கேட்டால், 'சொன்னாங்க, சொன்னாங்க' என்று தலையசைத்து அனுப்புவதே வீட்டுக்கு வந்தவருக்குச் செய்யும் மரியாதை என்று அவர் நினைக்கக்கூடும். மராத்தியில் சொன்னதை அவர் எவ்வளவு வாங்கிக்கொண்டார் என்பதையும் அந்தத் தாள் அறியாது. ஆகவேதான் அறிந்தோர், கேள்வியோடு நில்லாமல், ஆலோசனை நடக்கும்போது உடனிருந்து பார்ப்பதும், சில மாதம் கழித்து அந்த முறையை அவர் தொடர்கிறாரா என்று விசாரிப்பதும் அவசியம் என்கிறார்கள்.

2017 முதல் அரசாங்கம் தரும் அந்தரா என்ற கருத்தடை ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். 'இதைப் போட்டுக்கிட்டா தீட்டு தள்ளிப் போகும்மா, சில பேருக்கு நின்னே போகும். அது நோயில்லை, பயப்படாதீங்க. மூணு மாசத்துல மறுபடி வாங்க' என்று அந்தப் பெண்ணின் பாஷையில் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷப் பேச்சு நடந்ததா என்று விசாரிப்பதைத்தான் இன்று தர ஆராய்ச்சி என்கிறோம். அத்தகைய பேச்சுக்கு இதே நகரம் 1934-இல் வைத்த விலை 200 ரூபாய்.