இடது பக்கம் எரிந்ததைக் கண்டவர்கள்

1989 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. இரவு 7.52க்கு லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்பாஸ்ட் நோக்கி பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் 92ஆம் இலக்க விமானம் கிளம்பியது. போயிங் 737-400. சேவைக்கு வந்து சில மாதங்களே ஆன புது விமானம். உள்ளே 118 பயணிகள், 8 பணியாளர்கள். குறுகிய பயணம்தான், ஏறி ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்க இறங்கிற தூரம்.

கிளம்பிப் பதின்மூன்று நிமிடத்தில், 28,000 அடிக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, ‘டமார்’ என்று ஒரு சத்தம். விமானம் நடுங்கத் தொடங்கியது. விமானி அறைக்குள் எரிந்த மணமும் புகையும் வந்தன. இடது பக்க எஞ்சினின் முகப்பு விசிறியில் ஓர் இதழ் உடைந்துபோயிருந்தது. பின்னால் யன்னலோரம் இருந்தவர்கள் இடது எஞ்சினிலிருந்து நெருப்பும் பொறியும் பறப்பதைக் கண்டார்கள். விமானப் பணியாளர்களில் மூன்று பேரும் கண்டார்கள்.

விமானிகள் காணவில்லை. 737இன் விமானி அறையிலிருந்து எஞ்சினைப் பார்க்க முடியாது. எது பழுது என்று தலைமை விமானி கேட்டார். துணை விமானி “இட...” என்று தொடங்கி, நிறுத்தி, “வலது” என்று முடித்தார். அந்த அரைச் சொல் ஒலிப்பதிவில் இருக்கிறது. இரண்டு நிமிடம் கழிந்த கையோடு, நல்லா வேலை செய்துகொண்டிருந்த வலது எஞ்சினை நிறுத்திவிட்டார்கள்.

“இதென்ன விசர்த்தனம்?” என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு பேரும் புதியவர்கள் அல்ல. தலைமை விமானி 13,000 மணித்தியாலத்துக்கு மேல் பறந்தவர். சிக்கல் என்னவென்றால், இந்த 400 ரக விமானத்தில் இருவரும் பறந்தது கூட்டிப்பார்த்தால் 76 மணித்தியாலம்தான். பழைய ரகத்திலிருந்து புதியதுக்கு மாற ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். 400 ரகத்துக்கான பயிற்சி மாதிரிப்பொறி அந்த நேரம் பிரித்தானியாவிலேயே இருக்கவில்லை. எஞ்சின் பழுதாகும்போது புதுக் கருவிகள் எப்படிக் காட்டும் என்பதை அவர்கள் முதன்முதலாகப் பார்த்ததே அந்த இரவில்தான்.

எஞ்சினின் நடுக்கத்தை அளக்கும் கருவியொன்று அவர்களுக்கு முன்னால் இருந்தது. அது சரியாக இடது எஞ்சினைத்தான் காட்டியது. ஆனால் பழைய விமானங்களில் அந்தக் கருவி பொய் சொல்வதில் பேர்போனது, விமானிகள் அதைக் கணக்கெடுக்காமல் விடப் பழகியிருந்தார்கள். புது விமானத்தில் அது திருந்திவிட்டது என்ற செய்தி பழக்கத்தை மாற்றும் அளவுக்குப் போய்ச் சேரவில்லை. போதாததற்கு, முள் வைத்த பழைய வட்டங்களுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள். நடுங்குகிற அறைக்குள் அவற்றை வாசிப்பது லேசில்லை.

இன்னொன்று, புகை. அது பயணிகள் பகுதியிலிருந்து முன்னுக்கு வருகிறது என்று தலைமை விமானி நினைத்தார். தனக்குத் தெரிந்த குளிரூட்டும் முறையை வைத்து, அப்படியென்றால் வலது எஞ்சின்தான் என்று கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கு சரி என்பதுபோலவே எல்லாம் நடந்ததுதான் கொடுமை. வலது எஞ்சினைக் குறைத்ததும் நடுக்கம் தணிந்தது. புகையும் போனது. உண்மையில் நடந்தது வேறு. வலது எஞ்சினைக் குறைக்கும் முன் தானியங்கி வேகக் கட்டுப்பாட்டை நிறுத்தினார்கள். அதுவரை இடது எஞ்சினுக்கு அது கூட்டிக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த எரிபொருள் ஒரு நிலைக்கு வந்தது, உடைந்த எஞ்சின் கொஞ்சம் ஆறுதலாக ஓடியது. பிழையான மருந்தைக் குடித்த நேரம் பார்த்துக் காய்ச்சல் தானாக இறங்கினமாதிரி.

பெல்பாஸ்ட் போகாமல், பக்கத்தில் இருந்த ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்துக்குத் திருப்பினார்கள். பிரிட்டிஷ் மிட்லண்டின் சொந்தத் தளம் அது.

பிறகு தலைமை விமானி பின்பகுதிப் பணியாளர் தலைவரைக் கூப்பிட்டு, பின்னால் புகை வந்ததா என்று கேட்டார். வந்தது என்று பதில். உண்மையான பதில். ஆனால் கேட்டவருக்கு அது தன் கணக்கை உறுதிப்படுத்திய பதில். எந்தப் பக்கம் நெருப்பைக் கண்டீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நெருப்பு வந்தது என்பதே அவருக்குத் தெரியாதே, எப்படிக் கேட்பார்?

பயணிகள் பயந்துபோயிருக்கிறார்கள் என்று சொல்லப்பட்டதும் அவர் ஒலிபெருக்கியில் பேசினார். வலது எஞ்சினில் பிரச்சினை, அதனால்தான் புகை, அதை நிறுத்தியாயிற்று, இன்னும் பத்து நிமிடமளவில் இறங்கிவிடுவோம்.

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். இடது பக்கம் நெருப்பைக் கண்ணால் கண்ட ஆட்கள் ‘வலது’ என்பதைக் காதால் கேட்டார்கள். சிலர் குழம்பினார்கள் என்று பின்னர் விசாரணையாளர்களிடம் சொன்னார்கள். ஒருவரும் எழும்பவில்லை. பணியாளர்களுக்கோ, அந்த அறிவித்தலில் ‘வலது’ என்ற சொல் மனதில் பதியவேயில்லை.

அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்த இருக்கையில் நாங்கள் இருந்திருந்தால் என்ன நினைத்திருப்போம்? அவருக்குத் தெரியாததா, எத்தனை கருவி வைத்திருப்பார், நான் பார்த்தது வேறயாக்கும், அவருக்கு வலது எண்டால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கேக்க வலதாக்கும் எண்டு பத்துச் சமாதானம் சொல்லியிருப்போம். பெரியாக்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும் எண்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அது எங்கட ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை என்பதற்கு இந்த விமானமே சாட்சி.

விமானி அறையிலும் ஒரு சந்தர்ப்பம் வந்தது. கீழிறங்கும்போது தலைமை விமானி, நாங்கள் உண்மையில் என்ன அறிகுறிகளைக் கண்டோம் என்று முதலிலிருந்து யோசித்துப் பார்க்கத் தொடங்கினார். அதற்குள் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வானொலி அழைப்பு வந்தது. பதில் சொன்னார். விட்ட இடத்துக்கு அவர் திரும்பி வரவேயில்லை. துணை விமானியோ புது இறங்குமிடத்தைக் கணினிக்குள் ஏற்ற முடியாமல் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

கீழே இறங்குகிற விமானத்துக்கு எஞ்சின் பலம் பெரிதாகத் தேவையில்லை. அதனால்தான் உடைந்த எஞ்சின் அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தது. ஓடுபாதையை நெருங்கும்போது பலம் வேண்டும். கேட்டார்கள். சுமார் 900 அடி உயரத்தில், ஓடுபாதைக்கு இரண்டரை மைல் இருக்கையில், இடது எஞ்சின் செத்துப்போனது. தீ எச்சரிக்கை மணி அப்போதுதான் முதன்முறையாக அடித்தது. வலது எஞ்சினைத் திரும்ப இயக்கப் பார்த்தார்கள், நேரம் போதவில்லை. அடிபடப்போகிறோம், தயாராகுங்கள் என்று பயணிகளுக்குச் சொல்லத்தான் நேரமிருந்தது. எஞ்சின் நின்றதிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது.

கெக்வர்த் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில், எம்1 நெடுஞ்சாலையின் கரையில் விமானம் மோதி மூன்றாக உடைந்தது. ஓடுபாதைக்கு இன்னும் அரைக் கிலோமீற்றர்கூட இல்லை. வாகனம் ஓயாத அந்தப் பாதையில் அந்தக் கணம் அந்த இடத்தில் ஒரு வாகனமும் இல்லை. விமானத்தில் இருந்தவர்களில் 39 பேர் அங்கேயே இறந்தார்கள், 8 பேர் பிறகு. மொத்தம் 47. உயிர்தப்பிய 79 பேரில் 74 பேருக்குக் கடும் காயம்.

அதே ஆண்டு ஜூன் மாதம், இரண்டு நாள் இடைவெளியில், இன்னும் இரண்டு 737-400 விமானங்களில் இதேபோல விசிறி இதழ் உடைந்தது. ஒன்று டான்-எயாருடையது, மற்றது பிரிட்டிஷ் மிட்லண்டுடையதே. இரண்டும் பத்திரமாக இறங்கின. அதற்குப் பிறகுதான் பிரித்தானியாவில் அந்த ரக விமானங்களைத் தரையில் நிறுத்தி எஞ்சின்களைத் திருத்தினார்கள். பலம் கூட்டப்பட்ட அந்த எஞ்சின், 10,000 அடிக்கு மேல் முழு வேகத்தில் ஓடும்போது விசிறி இதழ்கள் ஆபத்தான விதத்தில் அதிர்ந்தன. சான்றிதழுக்கான சோதனைகளில் அது பிடிபடவில்லை, ஏனென்றால் அந்த உயரத்தில் வைத்து அதைச் சோதிக்கவில்லை.

1990இல் வெளிவந்த விசாரணை அறிக்கை 31 பரிந்துரைகளைச் செய்தது. அவற்றில் இருக்கைகளைப் பற்றியும் தலைக்கு மேலிருக்கும் பொதிப்பெட்டிகளைப் பற்றியும் இருந்தன, மோதலில் அந்தப் பெட்டிகள் ஏறக்குறைய எல்லாமே கழன்று ஆட்களின் தலையில் விழுந்திருந்தன. நொட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் காயமடைந்தவர்களின் எலும்பு முறிவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். மோதலின்போது எப்படிக் குனிய வேண்டும், காலை எங்கே வைக்க வேண்டும் என்ற பிரித்தானிய அறிவுறுத்தல் அதிலிருந்துதான் மாறியது. விமானப் பயணத்தில் நாங்கள் பார்க்காமல் மடித்து வைக்கும் அட்டைக்குப் பின்னால் இப்படியான கதைகள் இருக்கின்றன.

இரண்டு விமானிகளையும் நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியது. துணை விமானிக்குப் பின்னர் நீதிமன்றத்துக்கு வெளியே இழப்பீடு கொடுத்துச் சமரசம் செய்தார்கள். முதுகெலும்பு உடைந்த தலைமை விமானி சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். பிழை விட்டதை அவர் மறுக்கவில்லை. ஏன் விட்டோம் என்பதற்குத்தான் பதில் வேண்டும் என்றும், தங்கள் மேல் பழியைப் போடுவதுதான் எல்லோருக்கும் மலிவான வழியாக இருந்தது என்றும் ஒரு பிபிசி நிகழ்ச்சியில் சொன்னார். எனக்கு அது சாக்காகத் தெரியவில்லை. ஒரு நாள் வகுப்போடு அந்த இருக்கைக்கு அவர்களை அனுப்பியவர்கள் யாரும் வேலையிழந்ததாக இந்தக் கதையில் வரவில்லை.

பயணிகள் பகுதிக்கும் விமானி அறைக்கும் நடுவிலுள்ள கதவைப் பற்றியும் அறிக்கை பேசியது. இரண்டு பக்கத்தாரும் ஒன்றாகப் பயிற்சி பெற வேண்டும் என்றது. ஆனால் அந்த அறிக்கை வரும் முன்பே, கெக்வர்த் நடந்து இரண்டே மாதத்தில், 1989 மார்ச் 10ஆம் திகதி கனடாவின் டிரைடன் நகரில் எயார் ஒன்ராறியோவின் சிறிய ஜெட் விமானம் ஒன்று கிளம்பிய கையோடு காட்டுக்குள் விழுந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். சிறகுகளில் பனி படிந்திருந்தது. பனியைப் பயணிகளும் கண்டார்கள், பணிப்பெண்ணும் கண்டார். இப்படியான விஷயங்களைப் போய்ச் சொல்வதை விமானிகள் விரும்புவதில்லை என்று அவர் விசாரணையில் சாட்சி சொன்னார்.

அந்த விமானத்தில் வேலையில் இல்லாத இரண்டு விமானிகளும் பயணிகளாக இருந்தார்கள். சிறகில் பனி என்றால் என்ன என்று தெரிந்தவர்கள். அவர்களும் கண்டார்கள். ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்களும் பேசாமல் இருந்தார்கள்.