ஒரு கடற்குகையின் இரு பெயர்கள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள மல் தீவிலிருந்து ஸ்டாஃபா என்னும் சிறு பாறைத் தீவுக்குக் கோடைதோறும் படகுகள் செல்கின்றன. பயணிகள் காண விழைவன இரண்டு. ஒன்று, மேட்டுப் புல்வெளியில் வளை அமைத்து முட்டையிட்டு, ஆகஸ்டுத் தொடக்கத்தில் கடலுக்குத் திரும்பிவிடும் பஃபின் பறவைகள். மற்றொன்று, எரிமலைக் குழம்பு உறைந்து அறுகோணத் தூண்களாக நிற்க, அவற்றிடையே அலை குடைந்த பெருங்குகை. ஸ்டாஃபா என்பதே 'தூண் தீவு' எனப் பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல். குகையை உலகம் 'ஃபிங்கல் குகை' என்றழைக்கிறது. அப்பெயர் வந்த வழி மொழிபெயர்ப்பாளர் அறிய வேண்டியது.

1772 ஆகஸ்டில் இயற்கையறிஞர் ஜோசப் பேங்க்ஸ் ஐஸ்லாந்துக்குச் செல்லும் வழியில் இத்தீவில் இறங்கினார். குகையின் பெயரை வழிகாட்டியிடம் வினவினார். பழங்கதை வீரன் ஃபியூனின் குகை என்பதே விடையாகக் கிடைத்தது என அவர் குறிப்பு கூறுகிறது. அவ்வீரனே ஆசியனின் மொழிபெயர்ப்பாளர் 'ஃபிங்கல்' எனக் குறித்தவன் என்ற விளக்கமும் அங்கே உடன் வருகிறது. தாமஸ் பென்னன்ட்டின் பயண நூலில் இக்குறிப்பு 1774-இல் அச்சேறியது. பேங்க்ஸுடன் சென்ற சுவீடன் நாட்டவர் ஊனோ ஃபான் டிரோயிலின் நூல் செய்தியைப் பிற மொழிகளுக்கும் கொண்டு சென்றது.

இங்கு 'மொழிபெயர்ப்பாளர்' எனப்பட்டவர் ஜேம்ஸ் மாக்ஃபர்சன். ஆசியன் என்னும் தொல்புலவன் கேலிக் மொழியில் பாடியவற்றின் ஆங்கில ஆக்கம் என்று கூறி 1760 முதல் 1763 வரை மூன்று நூல்களை அவர் வெளியிட்டார். மூலம் எங்கே என்று சாமுவேல் ஜான்சன் 1775-இல் கடுமையாக வினவினார். ஸ்காட்லாந்து ஹைலேண்ட் சங்கத்தின் குழு 1805-இல் தந்த அறிக்கை நிதானமானது: கதைகளும் பாடல்களும் மக்களிடையே வழங்கியது உண்மை, ஆனால் மாக்ஃபர்சன் வெளியிட்ட வடிவில் ஒரு காவியமும் கிடைக்கவில்லை. 1807-இல் 'மூலம்' என வெளிவந்த கேலிக் பனுவலில் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து திரும்பப் பெயர்க்கப்பட்டது என்பதே அறிஞர் பெரும்பாலோர் முடிவு. மொழிபெயர்ப்பு முந்தி, மூலம் பிந்திய விந்தை இது! எனினும் 'ஃபிங்கல்' என்னும் வடிவத்தை மாக்ஃபர்சனின் கற்பனை என்று முற்றிலும் தள்ளிவிடவும் இயலாது. 14-ஆம் நூற்றாண்டிலேயே ஜான் பார்பரின் ஸ்காட்டிய மொழிக் காவியத்தில் அது காணப்படுகிறது.

குகைக்குக் கேலிக் மொழியில் வழங்கும் பெயர் 'அன் உஅவ் வீன்'. 'இன்னிசைக் குகை' என்பது பொருள். தூண்களிடையே அலை புகுந்து எழுப்பும் ஒலி காரணமாக அமைந்த பெயர் அது. 'ஃபியூனின் குகை' என்பதோ 'உஅவ் ஈன்' என்றாகும். இவ்விரண்டும் நெருங்கி ஒலிப்பதற்குக் கேலிக் மொழியின் முதலெழுத்துத் திரிபே காரணம். தமிழ்ப் புணர்ச்சியில் நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் ஒலிச்சூழலுக்கேற்பத் திரிகின்றன. கேலிக்கிலோ இலக்கண உறவே சொல்லின் முதல் மெய்யை மென்மையாக்குகிறது. 'இனிய' என்னும் பொருளுடைய 'பீன்', பெண்பாற் பெயரைத் தொடர்ந்து வருகையில் 'வீன்' ஆகும். ஃபியூன் என்னும் பெயர் வேற்றுமை ஏற்கும்போது முதல் ஒலியை அறவே இழந்து 'ஈன்' ஆகும். 'உஅவ்' என்னும் சொல்லின் ஈற்று வகரத்தோடு சேர்கையில் வீன், ஈன் இரண்டையும் அயலார் செவி பிரித்தறிவது அரிது.

ஆயினும் இலக்கணம் ஒரு தடயம் வைத்திருக்கிறது. ஒருவருடைய இயற்பெயர் உடைமைப் பொருளில் பின்வரும்போது முன்னுள்ள பெயர் சுட்டிடைச்சொல் ஏற்பதில்லை. ஆகவே தொடக்கத்து 'அன்' இருப்பின் அது இன்னிசைக் குகை. இல்லையெனில் ஃபியூனின் குகை. 1784-இல் அங்குச் சென்ற பிரெஞ்சு நிலவியலாளர் ஃபோழா த சான்-ஃபோன் பதிந்த வடிவில் இந்த 'அன்' தெளிவாக உள்ளது. 'ஃபிங்கல்' வேற்றுமை வடிவின் மயக்கத்தால் நேர்ந்தது என்றும் அவர் எழுதினார். என் கருத்தில் இச்சான்று வலுவானது. எனினும் பேங்க்ஸின் செவியை மட்டும் குறை கூறுதல் பொருந்தாது. ஃபியூன் கதைகள் அத்தீவுகளில் உயிரோடிருந்தன. வழிகாட்டியே இரண்டு பொருளையும் அறிந்தவராக இருந்திருக்கலாம். பயணிகள் இன்றும் படகேறும் ஃபின்னஃபோர்ட் துறையின் பெயரிலும் அதே 'ஃபியூன்' உள்ளது. அங்கே அதற்கு 'வெண்மை' என்பதே பொருள்.

ஃபோழாவின் திருத்தம் எடுபடவில்லை. 1829 ஆகஸ்டு 8-இல் நீராவிக் கப்பலில் மெண்டல்சன் வந்தார். அவருடைய 'ஹெப்ரிடீஸ்' இசைப்படைப்பின் முழுச் சுரக்குறிப்பு 1835-இல் 'ஃபிங்கல் குகை' என்ற ஜெர்மன் தலைப்போடு வெளியாயிற்று. இதில் வேடிக்கை ஒன்றுண்டு: அதன் தொடக்க இசையை அவர் குகையைக் காண்பதற்கு முதல்நாளே எழுதி வீட்டாருக்கு அனுப்பிவிட்டார்.

இன்னும் மேற்கே, கடற்பறவைகளையே பெரிதும் உண்டு வாழ்ந்த மக்களின் செயின்ட் கில்டாத் தீவுகள் உள்ளன. 1930 ஆகஸ்டு 29-இல் எஞ்சிய 36 பேரும் வெளியேறினர். முதன்மைத் தீவை அவர்கள் தம் மொழியில் அழைத்த பெயர் வேறு. கில்டா என்றொரு புனிதர் இருந்ததாகவே சான்றில்லை. ஆகவே 'புனித கில்டா' என்று தமிழாக்குவது நிலப்படத்தார் பிழையை மீண்டும் ஞானஸ்நானம் செய்வதாகும். 'செயின்ட் கில்டா' என்று ஒலிபெயர்த்தலே தகும்.

குகைப் பெயருக்கு ஒரே விதி போதாது. மெண்டல்சனின் படைப்பைச் சுட்டுமிடத்து 'ஃபிங்கல் குகை' என்பதே சரி, அது நூற்பெயர். இடத்தைச் சுட்டும் பயண நூலிலும் கலைக்களஞ்சியத்திலும் 'இன்னிசைக் குகை' முதலிலும் 'ஃபிங்கல் குகை' அடுத்தும் வரலாம். ஆசியன் பாடல்களைத் தமிழாக்குவோர் 'கேலிக் மூலத்திலிருந்து' என்னும் மாக்ஃபர்சனின் முகப்புக் கூற்றைக் குறிப்பேதும் இன்றி அப்படியே பெயர்த்தல் ஆகாது.