பொத்தானும் தந்தியும்: இசை விளையாட்டுகளின் முன்கதை

துவாரகாவிலிருந்து புறப்படும் மெட்ரோவின் நீலத் தடத்தில் பயணம் செய்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி ஒன்றுண்டு. கைப்பேசித் திரையின் மேலிருந்து கறுப்புக் கட்டங்கள் வரிசையாக இறங்கி வருகின்றன. உரிய கணத்தில் கட்டைவிரல் ஒவ்வொன்றையும் தட்டுகிறது. தட்டுக்கு ஒரு சுரமாகக் காதுக்குள் பியானோ இசை நகர்கிறது. ஒரு கட்டம் தவறினால் ஆட்டம் முடிந்துவிடும். அதே துவாரகாவின் கூட்டுறவுக் குடியிருப்புகளில், மாலை வேளையில் மின்தம்பூராவின் சுருதியோடு ஒரு குழந்தை சரளி வரிசை பாடுவதையும் கேட்கலாம். முன்னது பொழுதுபோக்கு, பின்னது கல்வி என்று பிரித்துவிடுவது எளிது. ஆயினும் இரண்டிலும் நிகழ்வது ஏறத்தாழ ஒரே செயல்தான்: முன்பே வகுக்கப்பட்ட ஒரு வரிசையை, உரிய காலத்தில், பிழையின்றி நிறைவேற்றுதல். அப்படியெனில் விளையாட்டும் இசைப்பயிற்சியும் எந்த இடத்தில் பிரிகின்றன?

இக்கேள்வி பெரிய அளவில் எழுந்தது 'கிதார் ஹீரோ' விளையாட்டு வந்தபோது. 2005 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான அவ்விளையாட்டுடன் கிதார் வடிவில் ஒரு நெகிழிக் கருவி கொடுக்கப்பட்டது. அதில் தந்திகள் இல்லை. கழுத்துப் பகுதியில் ஐந்து வண்ணப் பொத்தான்களும், மீட்டுவதற்குப் பதிலாக மேலும் கீழும் அசைக்கும் ஒரு பட்டையும் இருந்தன. திரையில் வரும் வண்ணக் குறிகளுக்கேற்பப் பொத்தானை அழுத்திப் பட்டையை அசைத்தால், ஏற்கெனவே பதிவுசெய்யப்பட்ட ராக் பாடலின் கிதார்ப் பகுதி ஒலிக்கும். பிசகினால் அப்பகுதி மட்டும் அடங்கிவிடும். (அதே ஆண்டின் கடைசி நாளில்தான் துவாரகாவிலிருந்து பாரகம்பா சாலை வரையிலான மெட்ரோ தடம் திறக்கப்பட்டது.) தொடரின் மூன்றாம் பகுதி 2007இல் வெளிவந்தது; அந்த ஒரு விளையாட்டின் விற்பனை மட்டும் நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டதாக 2009இல் ஆக்டிவிஷன் நிறுவனம் அறிவித்தது. இசைக்கலைஞர்களிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் எழுந்த எதிர்க்குரல் ஒன்றே: இத்தனை மணி நேரத்தை இதில் செலவிடுபவர் உண்மையான கிதாரையே கற்றுக்கொள்ளலாமே!

நியாயமான கேள்விதான், ஆனால் புதியதன்று. 1906இல் அமெரிக்க வாத்தியக்குழுத் தலைவரும் இசையமைப்பாளருமான ஜான் பிலிப் சூசா, இயந்திர இசையின் அபாயம் குறித்து ஒரு கட்டுரை எழுதினார். இயந்திரமே வாசித்துவிடுமானால் குழந்தைகள் பயிற்சி செய்யமாட்டார்கள், வீடுகளில் தாமே பாடியும் வாசித்தும் மகிழும் வழக்கம் அழிந்துபோகும் என்பது அவர் அச்சம். அதில் தன்னலமும் கலந்திருந்தது. இசைச்சுருள்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் இசையமைப்பாளருக்கு உரிமத்தொகை கிடைக்காத காலம் அது. 1909ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமே அதற்கு வழிசெய்தது. எனினும் அவர் அச்சத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

சூசாவின் இலக்குகளுள் ஒன்று தானியங்கிப் பியானோ. 1895இல் எட்வின் வோட்டி உருவாக்கிய 'பியானோலா' இவ்வகையில் புகழ்பெற்றது. துளையிட்ட காகிதச்சுருள் நகர, துளைகளின் வழியே இழுக்கப்படும் காற்று பியானோவின் கட்டைகளை இயக்கும். சுரங்கள் அனைத்தும் சுருளில் இருந்தன. ஆயினும் அமர்ந்திருப்பவர் சும்மா இருக்கவில்லை. மிதிகளைக் காலால் அழுத்தித் துருத்தியை இயக்குவதும், கை நெம்புகோலால் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் அவர் பணி. இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் 'மெட்ரோஸ்டைல்' என்றொரு உத்தி சேர்க்கப்பட்டது. காகிதச்சுருளின் மீது ஒரு சிவப்புக் கோடு வளைந்து வளைந்து செல்லும். வேக நெம்புகோலோடு இணைந்த முள், அக்கோட்டை விட்டு விலகாதபடி அமர்ந்திருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கோட்டைச் சரியாகப் பின்தொடர்ந்தால், தேர்ந்த கலைஞர் ஒருவர் வகுத்த காலப்போக்கில் இசை ஒலிக்கும்.

நகர்ந்து வரும் குறியைக் கண் பின்தொடர்கிறது, கை அதற்கு இசைந்து இயங்குகிறது, பிறர் இசைத்த இசை தன் கையால் பிறப்பதுபோல் ஒலிக்கிறது. கிதார் ஹீரோவின் இலக்கணம் முழுவதும், அது பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அந்தச் சிவப்புக் கோட்டில் இருந்தது. 1920களின் முற்பகுதியில் அமெரிக்காவில் செய்யப்பட்ட பியானோக்களில் பாதிக்கு மேற்பட்டவை தானியங்கிகளாக இருந்தன. பின்னர் வானொலியும் 1929இன் பொருளாதார வீழ்ச்சியும் அச்சந்தையை முடித்துவைத்தன. கிதார் ஹீரோவின் வாழ்வு இன்னும் குறுகியது: 2011 பிப்ரவரியில் அதன் தயாரிப்புப் பிரிவு மூடப்பட்டது.

இந்தியாவில் இதையொத்த விவாதம் ஆர்மோனியத்தைச் சுற்றி நிகழ்ந்தது. அதற்குக் களமாக இருந்தது தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட அகில இந்திய வானொலி. அங்கே மேலை இசைப் பிரிவின் பொறுப்பில் இருந்த ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸ் ஆர்மோனியத்தைக் கடுமையாகச் சாடி எழுதினார். இரவீந்திரநாத் தாகூரும் அதற்கு எதிரான நிலையையே எடுத்தார். 1940 மார்ச் முதல் வானொலி நிலையங்களில் ஆர்மோனியம் தடைசெய்யப்பட்டது. 1971இல்தான் தடை, அதுவும் கட்டுப்பாடுகளுடன், தளர்ந்தது. அயல்நாட்டுக் கருவி என்பது ஒரு குற்றச்சாட்டாக இருந்தபோதிலும் இசைவழிக் காரணம் வேறு: கட்டையை அழுத்தியதும் முடிந்துபோன ஒரு சுரம் வெளிவருகிறது, சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே கமகத்துக்கு இடமில்லை.

அயன்மை மட்டுமே குறையாக இருந்திருந்தால் வயலினும் விலக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் முதலானோர் கையில் அது கருநாடக இசைக்கு உரியதாகிவிட்டது. வயலினின் கழுத்தில் மெட்டுகள் இல்லை. எங்கே விரல் வைத்தாலும் ஏதோ ஒரு ஒலி எழும். கற்பவர் ஆண்டுக்கணக்கில் அபசுரம் வாசிக்க நேர்வது அதனால்தான். கமகம் வாசிக்க முடிவதும் அதனால்தான். ஆர்மோனியம் சுரத்தில் பிழை நேராதபடி பாதுகாக்கிறது. அந்தப் பாதுகாப்பே அதன் எல்லையும் ஆகிறது. தமிழகத்து நாடகக் கம்பெனிகளில் 'பெட்டி'யை முழக்கிய கலைஞர்கள் அந்த எல்லைக்குள்ளேயே வியத்தகு வித்தைகளைச் செய்து காட்டினர். இடமற்ற இடத்திலும் கை தனக்கொரு வழி தேடிக்கொள்ளும் என்பதற்கு அவர்களே சான்று. ஐந்து வண்ணப் பொத்தான்கள் கொண்ட நெகிழிக் கிதார் அந்த வழியையும் அடைத்துவிடுகிறது. அதில் எழுவது வாசிப்பவரின் ஒலியே அன்று.

இவ்விடத்தில் நின்றுவிட்டால் விளையாட்டைப் போலி என்று தீர்ப்பளிக்க வேண்டியிருக்கும். அத்தீர்ப்பு அவசரமானது. வாத்தியத்தைத் தொடாமலேயே இசைக்குள் பங்கேற்பது தென்னிந்திய மரபுக்குப் புதிதன்று. சென்னையின் மார்கழிக் கச்சேரியாயினும் தில்லித் தமிழரின் சபாவாயினும், முன்வரிசை ரசிகர்களில் பலர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, சுண்டுவிரல் தொடங்கி மூன்று விரலெண்ணிக்கை, பின் இருமுறை தட்டும் வீச்சும்: எட்டு எண்ணிக்கை. அந்தத் தட்டிலிருந்து எந்தச் சுரமும் பிறப்பதில்லை. எனினும் பாடகர் சமத்துக்கு வந்து சேரும் கணத்தில் ரசிகரின் கையும் அங்கே இறங்குகிறபோது அவர் அடையும் நிறைவு போலியன்று. மிருதங்கம் கற்பவரும் வாசிப்பதை முதலில் சொற்கட்டாக வாயால் சொல்லப் பழகுகிறார். ஒலியை உண்டாக்குவது ஒரு திறன், காலத்தை உடலில் ஏற்றிக்கொள்வது மற்றொரு திறன் என்று மரபு அறிந்தே வைத்திருந்தது. இசை விளையாட்டு இவ்விரண்டில் பின்னதைத் தனியே பிரித்தெடுத்து, அதற்கு மதிப்பெண்ணும் கைத்தட்டலும் சேர்த்து விற்கிறது. விளையாடுபவர்களை நேரில் ஆய்ந்த இனவரைவியல் இசையறிஞர் கிரி மில்லரும், ஒலிப்பதிவால் பிரிந்துபோன இசையையும் வாசிக்கும் உடலையும் இவ்விளையாட்டு மீண்டும் தைத்து இணைப்பதாகவே காண்கிறார்.

இங்கே கிதார் ஹீரோவை உருவாக்கிய ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் தொடக்கக் கதை கவனத்துக்குரியது. எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் பயின்ற அலெக்ஸ் ரிகோபுலோஸ், எரன் எகோஸி ஆகிய இருவரும் 1995இல் அதைத் தொடங்கினர். அவர்கள் முதலில் செய்தது விளையாட்டன்று. இசையறியாதவரும் இயக்குபிடியை அசைத்துத் தாமாகவே கற்பனையாக இசைக்கக்கூடிய 'தி ஆக்ஸ்' என்ற மென்பொருள் அது. பிழை என்பதே நேராதபடி கணினி பார்த்துக்கொள்ளும். பயனருக்கு முழுச் சுதந்திரம். 1998இல் வெளிவந்த அது சில நூறு பிரதிகளுக்குமேல் விற்கவில்லை. சிறிது நேரம் அசைத்துப் பார்த்தவர்கள் ஓய்ந்துபோனார்கள். சுதந்திரத்தைப் பறித்து, ஒரே ஒரு சரியான விடையை மட்டும் வைத்து, தவறினால் தண்டித்த விளையாட்டை உலகமே வாங்கியது.

இதில் வியக்க ஒன்றுமில்லை என்பதை மொழி கற்பித்தவர்கள் அறிவர். இலக்கணம் உள்ளத்தில் ஊறாத ஒருவரிடம் ஒரு மொழியின் சொற்களைக் கொட்டி 'விரும்பியதைப் பேசு' என்பது சுதந்திரமாகாது. எது பிழை என்று தெரிந்தவருக்கே எது புதிது என்றும் தெரியும். 'தி ஆக்ஸ்' பிழையை ஒழித்தது. கூடவே பொருளையும் ஒழித்துவிட்டது. கிதார் ஹீரோ பிழையைத் திரும்பக் கொண்டுவந்தது. அதனாலேயே அதில் வெல்வது இனித்தது.

நம் இசைக்கல்வியும் சுதந்திரத்திலிருந்து தொடங்குவதில்லை. புரந்தரதாசர் வகுத்ததாக மரபு கூறும் பாடமுறை சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் எனப் படியேறி, வர்ணம், கீர்த்தனை என்று விரிகிறது. இவை அனைத்தும் முன்வகுத்த வரிசைகள். அவற்றைப் பிசகாமல் நிறைவேற்றுவதே மாணவர் கடமை. இந்தக் கட்டத்தில் அவருக்கும் மெட்ரோவில் கட்டங்களைத் தட்டுபவருக்கும் உள்ள தூரம் நாம் எண்ணுவதைவிடக் குறைவு. பிரிவு அடுத்த படியில் நிகழ்கிறது. கற்பனாசுரம் பாடத் தொடங்கும் மாணவருக்கு எதிரே எந்தக் குறியும் நகர்ந்து வருவதில்லை. தாளம் முன்போலவே கறாரானது. பல்லவியின் எடுப்புக்கு உரிய கணத்தில் வந்து சேர்ந்தே ஆகவேண்டும். வந்து சேரும் வழியோ அவருடையது. ஒரு மொழியை அறிந்தவர் அதற்குமுன் எவரும் சொல்லாத வாக்கியத்தைப் பிழையின்றிச் சொல்வதற்கு நிகரான செயல் இது. ஒப்புவித்தல் பேச்சாக மாறும் இடம் இதுவே.

ஆகவே இசை விளையாட்டின் குறை அது எளிதாக இருப்பதன்று. அதன் கடினமான பாடல்களில் முழுமதிப்பெண் பெற மாதக்கணக்கில் உழைத்தவர்கள் உண்டு. அது முடிவற்ற சரளி வரிசை. அடுத்த படி அதில் கட்டப்படவே இல்லை. தன்னை விளையாட்டு என்றே அது சொல்லிக்கொள்வதால் அதைக் குறைகூறவும் இயலாது. 2011இல் வெளிவந்த 'ராக்ஸ்மித்' உண்மையான கிதாரையே இணைத்து வாசிக்கச் செய்தது. கருவி மாறியது, ஆயினும் திரையில் நகர்ந்து வரும் குறிகளைப் பின்தொடர்வதே அதிலும் பெரும்பகுதி. கையில் தந்தி இருப்பது மட்டும் போதாது என்பதற்கு அதுவே சான்று.

அஞ்சத்தக்க மாற்றம் வேறிடத்தில் நிகழ்கிறது. வாரம் அரைமணி நேரம் இணையவழியில் நடக்கும் வகுப்பு, சுருதி பிசகாமல் பாடினால் பச்சை நிறம் காட்டும் செயலி, தேர்வுக்கென்று மனப்பாடம் செய்த நான்கு கீர்த்தனைகள், மேடைக்கென்று ஆசிரியர் எழுதிக்கொடுத்து மாணவர் ஒப்புவிக்கும் 'கற்பனை'ச் சுரங்கள்: இவை விளையாட்டுகள் அல்ல, கல்வி என்ற பெயரிலேயே நடப்பவை. விளையாட்டு இசைக்கல்வியைப் போல ஆனதால் இழப்பு ஏதுமில்லை. இசைக்கல்வி விளையாட்டைப் போல ஆகும்போது, கற்பனாசுரம் என்ற அந்தக் கடைசிப் படி சந்தடியின்றிக் காணாமற்போகிறது. துவாரகாவின் குடியிருப்பில் சரளி வரிசை பாடும் குழந்தைக்கும் மெட்ரோவில் கட்டம் தட்டும் இளைஞருக்கும் இடையிலான வேறுபாட்டை வாத்தியமோ செயலியோ தீர்மானிப்பதில்லை. 'இப்போது நீயாக ஒரு ஆவர்த்தனம் பாடு' என்று சொல்லி, அது தடுமாறி முடியும்வரை தாளம் போட்டுக் காத்திருக்கும் ஒருவர் எதிரே இருக்கிறாரா என்பதே அதைத் தீர்மானிக்கிறது.