ஒரே நாளில் இரு தோல்விகள்
1949-ஆம் ஆண்டின் நியூசிலாந்து ரக்பிக் குழுத் தேர்வு

1949-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் நியூசிலாந்தின் தலைநகராகிய வெலிங்டனில் அந்நாட்டு ரக்பிக் குழு ஆஸ்திரேலியாவிடம் 6-க்கு 11 என்ற கணக்கில் தோற்றது. அச்செய்தியின் கசப்பு ஆறுமுன்னரே கடல் கடந்து மற்றொரு செய்தி வந்து சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நியூசிலாந்து 3-க்கு 9 என்று தோற்றுவிட்டது! ஒரு நாட்டின் பெயரைத் தாங்கிய இரண்டு குழுக்கள் ஒரே நாளில் இரு கண்டங்களில் ஆடி, இரண்டுமே தோற்றன. ரக்பி என்றால் உயிரையும் கொடுக்கும் அந்நாட்டு மக்கள் இதனை இன்றளவும் மறந்தாரில்லை.

ஒரு நாட்டுக்கு இரண்டு குழுக்கள் எப்படி வந்தன? நியூசிலாந்து ரக்பிச் சங்கம் 1948-ஆம் ஆண்டிலேயே முப்பது பேரைத் தேர்ந்து, மறு ஆண்டு கப்பலேற்றித் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பியது. அவர்கள் அங்கே இருந்த காலத்தில் ஆஸ்திரேலியக் குழு நியூசிலாந்துக்கு வந்தது. ஊரில் எஞ்சியிருந்தவர்களைக் கொண்டு இன்னொரு குழுவைத் திரட்ட வேண்டியதாயிற்று. அப்படித் திரட்டிய குழுவுக்கு வெலிங்டனில் தலைமை ஏற்றவர் ஜானி ஸ்மித். போர் முடிந்த கையோடு பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்த நியூசிலாந்துப் படைவீரர் குழுவில் ஆடிப் பெரும்புகழ் பெற்றவர் அவர். தாக்கும் கலையில் அவருக்கு நிகரானவர் அந்நாட்டில் அன்று அரியர். அத்தகையவர் முப்பது பேருள் ஒருவராக ஏன் போகவில்லை? அவர் மாவோரியர். அவ்வளவே காரணம்.

மாவோரியர் நியூசிலாந்தின் முதற்குடிகள். வெள்ளையரோடு தோளோடு தோள் நின்று தேசியக் குழுவில் ஆடிவந்தவர்கள். ஆயின் தென்னாப்பிரிக்கப் பயணம் என்றால் மட்டும் அவர்களுடைய பெயர்கள் ஏட்டிலேயே ஏறுவதில்லை. ஸ்மித்துடன் பென் கவுச், வின்ஸ் பெவன் ஆகியோரும் அவ்வாண்டு விலக்கப்பட்டனர். பெவன் உடலில் ஓடியது முழு மாவோரி இரத்தமும் அன்று. மரபில் ஒரு பங்கு இருந்ததே போதுமானதாயிற்று.

இவ்விலக்கைத் தென்னாப்பிரிக்காவில் 1948-ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சியின் நிறவெறிச் சட்டங்களோடு சேர்த்துப் பேசுவோர் உண்டு. காலக்கணக்கு அதற்கு ஒத்து வரவில்லை. முதல் உலகப்போர் முடிந்து 1919-ஆம் ஆண்டில் நியூசிலாந்துப் படைவீரர் குழு ஒன்று தென்னாப்பிரிக்கா சென்றபோதே, மேற்கிந்தியத் தந்தை வழியில் வந்த வில்சன் என்பவரை அங்கே ஆட விடவில்லை. அவரை எல்லாரும் 'ரஞ்சி' வில்சன் என்றே அழைத்தனர். நம்மவரான கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜியின் பெயரே அது. 1921-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கக் குழு நியூசிலாந்துக்கு வந்து, நேப்பியர் நகரில் மாவோரிக் குழுவை 9-க்கு 8 என்று ஒரே புள்ளியில் வென்றது. அவர்களோடு வந்த செய்தியாளர் ஒருவர், வெள்ளையர் கூட்டம் தம் இனத்தாருக்கு எதிராக நிறத்தவரை ஊக்குவித்துக் கூவியது அருவருப்பூட்டியது என்னும் கருத்துப்படத் தம் நாட்டுக்குத் தந்தி அடித்தார். அத்தந்தி வெளியே கசிந்தது. நாடே கொதித்தது. கொதித்தும் என்ன? ஏழாண்டுகளில், 1928-ஆம் ஆண்டில், முதன்முதலாகத் தென்னாப்பிரிக்கா சென்ற நியூசிலாந்துக் குழுவில் ஜார்ஜ் நெப்பியா இல்லை.

நெப்பியாவைப் பற்றி இரண்டு வரியேனும் சொல்லாமல் மேலே செல்லலாகாது. 1924-25-ஆம் ஆண்டுகளில் பிரிட்டனையும் பிரான்சையும் சுற்றி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் திரும்பிய குழுவின் கடைக்காவலர் அவர். பயணம் தொடங்கியபோது வயது 19. அந்நாடுகளில் நடந்த ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓய்வின்றி ஆடியவர். 1928-ஆம் ஆண்டில் அவர் வீட்டிலிருக்க, குழு சென்றது. தொடர் 2-க்கு 2 எனச் சமனில் முடிந்தது.

இங்கேதான் நம் கருத்துக்குரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. அந்த 1928-ஆம் ஆண்டுப் பயணம் பற்றி நியூசிலாந்தார் பல்லாண்டுகளாக வாதாடியது நெப்பியாவைப் பற்றியன்று. மார்க் நிக்கல்ஸ் என்னும் ஆட்டக்காரரைப் பற்றியே! துணைத்தலைவராகிய அவரை முதல் மூன்று டெஸ்ட் ஆட்டங்களிலும் வெளியே உட்கார வைத்தார்கள். நான்காவதில் இடம் கொடுத்தார்கள்; குழு 13-க்கு 5 என்று வென்றது; புள்ளிகளில் பெரும்பகுதி அவர் காலால் வந்தவை. "முன்னமே இறக்கியிருந்தால் தொடரே நம்முடையது" என்ற பேச்சு மதுக்கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஓயாது நடந்தது. நிக்கல்ஸை விட்டது தேர்வாளரின் பிழை எனத் தோன்றியது. நெப்பியாவை விட்டதோ மழை பெய்வது போல, வெயில் காய்வது போல, யாருடைய செயலும் அல்லாத ஒன்றாகக் கொள்ளப்பட்டது.

1949-ஆம் ஆண்டிலும் இதுவே நிகழ்ந்தது. ஆயினும் இம்முறை ஒரு குரல் உரக்க எழுந்தது. படைத்தலைவர் ஹாவர்ட் கிப்பன்பர்கர் இத்தாலியின் கசீனோப் போரில் கண்ணிவெடியால் இரண்டு பாதங்களையும் இழந்தவர். முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவர். மாவோரிப் படைப்பிரிவு வட ஆப்பிரிக்காவிலும் கசீனோவிலும் எவ்வாறு போரிட்டது என்பதைக் கண்ணால் கண்டவர். அவ்வாறு போரிட்டவர்களை ஓர் ஆட்டத்திற்கு வராதே என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை என அவர் வெளிப்படையாகவே சீறினார். சங்கத்தார் அசையவில்லை. அங்கே சென்றால் மாவோரியருக்கு அவமதிப்பு நேரும், அதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்பது அவர்கள் வழக்கமாகக் கூறும் சமாதானம். விருந்தினரை அவமதிக்கும் வீட்டுக்கு ஏன் போக வேண்டும் என்ற கேள்வி மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. மாவோரியருக்கென ஒரு குழு அமைத்து அவ்வாண்டே ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அது அங்கே தொடரைச் சமன் செய்து திரும்பியது.

இனி மக்கள் உண்மையில் எதைப் பற்றிச் சண்டையிட்டார்கள் என்று பார்ப்போம். பயிற்சியாளரைப் பற்றி! அந்நாளில் ஒட்டாகோ மாநிலக் குழுவே நாட்டில் தலைசிறந்தது. அதனை உருவாக்கியவர் விக் கேவனா. முன்னணி வீரர்கள் ஒரே திரளாக விரைந்து பந்து கிடக்குமிடத்தை அடைந்து, எதிரியை மிதித்துத் தள்ளிப் பந்தைப் பின்னுக்குக் கொணரும் முறையை ஓர் அறிவியல் போலப் பயிற்றியவர். தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பதின்மரில் பத்துக்கு மேற்பட்டோர் அவருடைய மாணாக்கரே. மாணாக்கரை அனுப்பிய சங்கம் ஆசிரியரை அனுப்பவில்லை. 1905-ஆம் ஆண்டுக் குழுவில் ஆடிய பழம்பெரும் வீரர் அலெக்ஸ் மெக்டொனால்டைப் பயிற்சியாளராக்கியது. அவருக்கு வயது 66. முதியவரிடம் குறை காண்பது நம் நோக்கமன்று. ஆனால் ஆட்டம் நாற்பதாண்டுகளில் மாறிவிட்டிருந்தது. கேவனாவோ வீட்டிலிருந்தபடி, முதல்தர வீரர்களை இழந்த ஒட்டாகோவைக் கொண்டே மாநிலங்களுக்கிடையிலான ரான்ஃபர்லிக் கேடயத்தை அவ்வாண்டு முழுதும் காத்துக் காட்டினார்!

எதிர்ப்புறத்தில் நிலைமை வேறு. தென்னாப்பிரிக்காவின் பயிற்சியாளராக அவ்வாண்டு முதன்முறை பொறுப்பேற்ற டேனி கிரேவன், நுணுக்கம் அறிந்து ஆட்களைப் பொருத்தினார். ஹென்னி முல்லர் என்னும் கடுங்கால் வீரரை ஏவி நியூசிலாந்தின் பின்னணி ஆட்டத்தைக் கருவிலேயே நசுக்கினார். கேப்டவுனில் நடந்த முதல் டெஸ்டில் ஓக்கி கெஃபின் ஐந்து தண்ட உதைகளால் 15 புள்ளிகள் பெற்றுத்தர, நியூசிலாந்து 11-ல் நின்றது. ஜோகானஸ்பர்க்கில் 12-க்கு 6. டர்பனில் 9-க்கு 3. போர்ட் எலிசபெத்தில் 11-க்கு 8. குழுத்தலைவர் ஃபிரெட் ஆலன் இரண்டாம் டெஸ்டுக்குப் பின் தாமே விலகிக்கொண்டார். ஊரில் ஆஸ்திரேலியாவுடன் ஆடிய இரண்டையும் சேர்த்தால், அவ்வாண்டு ஆடிய 6 டெஸ்டுகளிலும் நியூசிலாந்துக்குத் தோல்வி.

கிரேவனைப் புகழும்போது ஒன்றை மறைக்கலாகாது. அவர் பொருத்திப் பார்த்த ஆட்களும் வெள்ளையர் மட்டுமே. அந்நாட்டுக் கறுப்பினத்தாரும் கலப்பினத்தாரும் ரக்பி அறியாதவரல்லர். அவர்களுக்கெனத் தனிச்சங்கம் 1897-ஆம் ஆண்டிலேயே தோன்றியிருந்தது. அவர்களிலிருந்து ஒருவரேனும் தேசியக் குழுவுக்காக டெஸ்ட் ஆட 1981 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஸ்மித்தும் கவுச்சும் பெவனும் சென்றிருந்தால் நியூசிலாந்து வென்றிருக்குமா? அக்குழுவில் தேர்ந்த ஹாஃப் பேக் இல்லாத குறை வெகுவாக உணரப்பட்டது. பெவன் அவ்விடத்துக்கே உரியவர். ஆனாலும் துணிந்து ஆம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செப்டம்பர் 3-ஆம் நாள் அம்மூவரும் வெலிங்டனில் ஆடினார்கள், அங்கும் தோல்வியே. "அவர்கள் இருந்தால் வென்றிருப்போம்" என்னும் வாதம் நல்லெண்ணத்தில் பிறந்ததே. ஆனால் அது அநீதியைக் கணக்குப் புத்தகத்தில் நட்டமாக மட்டுமே எழுதிக்கொள்கிறது. குழு நான்கு டெஸ்டுகளையும் வென்று திரும்பியிருந்தாலும் அவ்விலக்கு விலக்கே.

தொடர்ந்த கதை அறிந்ததே. 1960-ஆம் ஆண்டில் மீண்டும் மாவோரியர் இன்றிக் குழு புறப்பட்டபோது, மாவோரியர் இல்லையேல் பயணமும் இல்லை என்று கோரி ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். குழு அப்படியும் சென்றது. ஆனால் 1967-ஆம் ஆண்டுப் பயணத்தைச் சங்கமே கைவிட வேண்டியதாயிற்று. 1970-ஆம் ஆண்டில் மாவோரியர் சென்றனர். 'மதிப்புநிலை வெள்ளையர்' என்ற விசித்திரப் பட்டத்தோடு! 1981-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கக் குழு நியூசிலாந்துக்கு வந்தபோது வீதிகளில் தடியடி நடந்தது. ஹாமில்டன் ஆட்டம் நிறுத்தப்பட்டது. அன்று காவல்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் யார் தெரியுமா? 1949-ஆம் ஆண்டில் நிறத்தால் விலக்கப்பட்ட அதே பென் கவுச்! அவர் அப்பயணத்தை எதிர்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவுடன் ஆட வேண்டும் என்னும் கட்சியினர். அடிபட்டவர் எல்லாரும் ஒரே பக்கம் நிற்பர் என்று எண்ணுவோருக்கு இது வியப்பாக இருக்கலாம்.

கேவனா கடைசிவரை தேசியக் குழுவுக்குப் பயிற்சியாளர் ஆகவேயில்லை. 1949-ஆம் ஆண்டில் தாமே விலகிய ஃபிரெட் ஆலன் பின்னாளில் அப்பொறுப்பேற்று, 1966 முதல் 1968 வரை ஆடிய 14 டெஸ்டுகளிலும் வென்றார். நியூசிலாந்து ரக்பிச் சங்கமும் தென்னாப்பிரிக்க ரக்பிச் சங்கமும் விலக்கப்பட்ட மாவோரி வீரர்களிடம் மன்னிப்புக் கேட்டது 2010-ஆம் ஆண்டில். நெப்பியா 1986-ஆம் ஆண்டிலும், கவுச் 1996-ஆம் ஆண்டிலும் மறைந்திருந்தனர்.